பச்சை விளக்கை நம்பி ஏமாறாதீர்கள்!

(மண்ணடியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று நான் புதிய செய்தி எதையும் கொண்டு வரவில்லை. ஏற்கெனவே சொன்ன ஒன்றைத் திரும்பப் பெற வந்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே இடத்தில், இதே மைக்கின் முன்னால் நின்று, ஒரு வி.பி.என். ஆப்பின் பெயரைச் சொல்லி, "இதைப் போட்டுக்கொள்ளுங்கள், பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களும் சீனாவுக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர்களும் அன்று கூட்டம் முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டு செல்போனை நீட்டினார்கள். என் கையாலேயே பலருக்குப் போட்டுக் கொடுத்தேன். இலவசம் என்பதால் யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அந்த ஆப் ஒழுகுகிறது, சகோதரர்களே!

இதைக் கண்டுபிடித்தவன் நான் அல்ல. இங்கே செல்போன் உதிரி பாகங்கள் வியாபாரம் செய்யும் ஒரு சகோதரர் சரக்குப் பார்க்க குவாங்சோ போயிருந்தார். கம்ப்யூட்டர் படிக்கும் மகனையும் உடன் அழைத்துப் போயிருந்தார். ஹோட்டல் அறையில் வைஃபையை இணைத்து, நான் போட்டுக் கொடுத்த ஆப்பைத் திறந்திருக்கிறார். பச்சை விளக்கு எரிந்தது. 'இணைக்கப்பட்டது, சிங்கப்பூர்' என்று காட்டியது. மகன் அந்த போனை வாங்கி, கசிவைச் சோதிக்கும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தான். ஆப் சிங்கப்பூர் என்கிறது. சோதனைப் பக்கமோ குவாங்சோ என்கிறது! ஊர் திரும்பியதும் அந்தத் தம்பி என்னிடம் வந்து, "ஹஜ்ரத், தப்பா நினைக்காதீங்க, நீங்க சொன்ன ஆப் ஓட்டுக் கூரை மாதிரி ஒழுகுது" என்றான். மத்ரஸாவில் ஏழு ஆண்டு ஓதிய எனக்கு, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை பாடம் நடத்தினான். மூன்று மாதம் அவனிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

வி.பி.என். என்பது என்ன?

நீங்கள் இன்டர்நெட்டில் எங்கே போனாலும், உங்களுக்கு இணைப்புத் தரும் செல்போன் கம்பெனிக்கும், வைஃபை வைத்திருக்கும் ஹோட்டலுக்கும் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியும். வி.பி.என். போட்டால் உங்கள் போனிலிருந்து கிளம்பும் எல்லாம் பூட்டிய ஒரு வேனில் ஏற்றப்பட்டு, வி.பி.என். கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கே இறக்கி, அங்கிருந்து வேண்டிய இடத்துக்கு அனுப்புகிறார்கள். வழியில் நிற்பவனுக்கு வேன் போவது மட்டும் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. கிளை அலுவலகங்களைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்கக் கம்பெனிகள் பயன்படுத்திவந்த ஏற்பாடு இது. பிறகுதான் கடைச் சரக்காக நம் கைக்கு வந்தது.

இதில் ஒரு விஷயத்தை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. ஹோட்டல்காரனிடமிருந்து மறைத்ததை நீங்கள் வேன்காரனிடம் ஒப்படைக்கிறீர்கள். ரகசியம் ஒழிந்துபோகவில்லை, கை மாறியிருக்கிறது! வேன்காரன் யார் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் வேன் எப்படி ஒழுகுகிறது என்று பாருங்கள்.

நீங்கள் கறுப்புக் கண்ணாடி போட்ட காரில் ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள். யாருக்கும் தெரியக் கூடாது. ஆனால் தெருமுனையில் கண்ணாடியை இறக்கி, டீக்கடைக்காரரிடம், "இன்னார் வீடு எங்கே பாய்?" என்று கேட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்? ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா? இன்டர்நெட்டில் ஒரு தளத்தின் பெயரை நாம் எழுதினால், அதன் எண் என்ன என்று போன் ஒரு விசாரணை செய்கிறது. டி.என்.எஸ். என்று சொல்வார்கள். அந்த விசாரணை வேனுக்குள் நடக்க வேண்டும். மோசமான வி.பி.என்.களில் அது ஹோட்டலின் வைஃபையிடமோ செல்போன் கம்பெனியிடமோ போய்விடுகிறது. குவாங்சோவில் நடந்தது இதுதான்.

இன்னொரு ஓட்டை. நம் சென்னையில் வீட்டு வாசலில் 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று இரண்டு எண் எழுதியிருப்பார்கள். இன்டர்நெட்டிலும் அப்படித்தான். பழைய எண் வரிசை ஐ.பி.வி.4. அது போதாமல் வந்த புதிய வரிசை ஐ.பி.வி.6. நம் நாட்டு செல்போன் இணைப்புகளில் புதிய எண் தாராளமாகப் புழங்குகிறது. பல வி.பி.என்.கள் பழைய எண்ணுக்குப் போவதை மட்டும் வேனில் ஏற்றிவிட்டு, புதிய எண்ணுக்குப் போவதைத் தெருவில் நடக்க விட்டுவிடுகின்றன. 2015-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தாரும் ரோம் நகர சப்பியென்சா பல்கலைக்கழகத்தாரும் பேர் பெற்ற 14 வி.பி.என். சேவைகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவை இப்படி ஒழுகின.

காசு வாங்கும் கம்பெனிகளின் நிலையே இது என்றால் இலவசங்களின் கதி என்ன? 2016-ல் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வும் சில பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, கூகுள் பிளே கடையில் இருந்த 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். ஆப்களை ஆராய்ந்தார்கள். 84 சதவீதம் ஐ.பி.வி.6 வழியே ஒழுகின. 66 சதவீதம் டி.என்.எஸ். வழியே ஒழுகின. 18 சதவீதம் பூட்டே போடவில்லை! வேன் என்று பெயர், ஆனால் கதவே கிடையாது. 38 சதவீத ஆப்களில் தீய மென்பொருளின் அடையாளம் இருந்தது. இது 2016-ன் கணக்கு, இன்று எண்கள் மாறியிருக்கும் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் 'இலவசம், ஐந்து நட்சத்திரம், கோடிப் பேர் இறக்கியது' என்பதெல்லாம் சான்றிதழ் அல்ல என்பது மாறவில்லை.

லாட்ஜ் குமாஸ்தாவின் சீட்டு

இனி நான் சொல்லப்போவது நல்ல, காசு கொடுத்து வாங்கிய வி.பி.என்.களுக்கும் பொருந்தும். அதனால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

2024 மே மாதம் அமெரிக்காவின் லெவியதன் செக்யூரிட்டி என்ற கம்பெனியின் ஆய்வாளர்கள் ஒரு குறையை வெளியிட்டார்கள். 'டனல்விஷன்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு லாட்ஜுக்குப் போகிறீர்கள். குமாஸ்தா உங்களுக்கு அறை எண் தருகிறார், சாவி தருகிறார். அதோடு ஒரு சீட்டும் தருகிறார். 'மார்க்கெட் போவதானால் பின்வாசல், ஸ்டேஷன் போவதானால் பக்கவாசல்' என்று எழுதியிருக்கிறது. வைஃபையில் நீங்கள் சேரும்போது நடப்பதும் இதுவேதான். டி.எச்.சி.பி. என்ற ஏற்பாடு உங்கள் போனுக்கோ லேப்டாப்புக்கோ ஓர் எண்ணைக் கொடுக்கிறது, கூடவே வழிகளையும் சொல்லிக் கொடுக்கலாம். அதற்கு '121-ஆம் விருப்பம்' என்று பெயர். 2002-ல் எழுதப்பட்ட விதி. பெரிய அலுவலகங்களின் வசதிக்காக நல்லெண்ணத்தில் எழுதினார்கள்.

வி.பி.என். உங்கள் லேப்டாப்புக்கு என்ன கட்டளை இடுகிறது? 'எல்லாவற்றையும் என் வேனில் ஏற்று' என்கிறது. குமாஸ்தாவின் சீட்டு என்ன சொல்கிறது? 'இன்ன எண்ணுக்குப் போவதை மட்டும் இந்த வாசல் வழியே அனுப்பு' என்கிறது. பொதுக் கட்டளையும் குறிப்பான கட்டளையும் மோதினால் கம்ப்யூட்டர் குறிப்பானதற்குத்தான் கட்டுப்படும். அதன் இயல்பு அது. விளைவு? சரக்கு பின்வாசல் வழியே போகிறது, வேன் காலியாக ஓடுகிறது. ஆனால் வேன் ஓடுகிறதே! அதனால் ஆப் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. வி.பி.என். அறுந்தால் இன்டர்நெட்டையே நிறுத்திவிடும் 'கில் சுவிட்ச்' என்ற பாதுகாப்பை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. இங்கே எதுவும் அறுந்துபோகவில்லை. பிறகு அது எப்படி வேலை செய்யும்?

இதைச் செய்வதற்கு ஹோட்டல் முதலாளி கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அதே வைஃபையில் சேர்ந்து, வரவேற்பறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவன், உண்மையான குமாஸ்தாவை முந்திக்கொண்டு பொய்ச் சீட்டை நீட்டினால் போதும். குவாங்சோவில் கேன்டன் கண்காட்சி நடக்கும் நாட்களில் ஒரே ஹோட்டலில் எத்தனை நாட்டு வியாபாரிகள் தங்குகிறார்கள்? உங்களோடு போட்டி போடுகிறவர்களும் அங்கேதான் தங்குகிறார்கள்.

ஆண்ட்ராய்டு போன்கள் இந்த 121-ஆம் விருப்பத்தைக் கண்டுகொள்வதில்லை. எனவே இந்த ஒரு குறையிலிருந்து அவை தப்பின. "நம்முடையது ஆண்ட்ராய்டுதானே" என்று சிரிக்கும் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. அதே ஆண்ட்ராய்டில், 'வி.பி.என். இல்லாமல் எதையும் அனுப்பாதே' என்ற பொத்தானை அழுத்தி வைத்திருந்தாலும், வைஃபையில் சேரும்போது போன் சில சோதனைத் தகவல்களை வெளியே அனுப்பிவிடுகிறது என்று ஸ்வீடனின் முல்வாட் கம்பெனி 2022 அக்டோபரில் எடுத்துக் காட்டியது. ஐபோன்காரர்களும் சிரிக்க வேண்டாம். வி.பி.என். போடுவதற்கு முன்பே திறந்திருந்த இணைப்புகளை ஐபோன் மூடுவதில்லை, அவை வேனுக்கு வெளியிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று புரோட்டான் கம்பெனி 2020 மார்ச்சில் அறிவித்தது.

2023 ஆகஸ்டில் இன்னொன்றும் வெளிவந்தது. பெல்ஜியத்தின் கே.யு. லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் அறுபதுக்கும் மேற்பட்ட வி.பி.என்.களைச் சோதித்தார்கள். 2017-ல் வைஃபையின் பூட்டிலேயே ஓட்டை இருப்பதைக் காட்டியவர் இவர். பக்கத்து அறையிலிருக்கும் பிரிண்டருக்குப் போவதை வேனில் ஏற்றத் தேவையில்லை என்று பல வி.பி.என்.கள் சலுகை வைத்திருக்கின்றன. பொல்லாத வைஃபை ஒன்று, 'நீ தேடும் தளமும் பக்கத்து அறையில்தான் இருக்கிறது' என்று பொய் சொன்னால்? போன் அதை நம்பி வெளியே அனுப்பிவிடுகிறது! ஐபோன்களில் ஓடும் வி.பி.என்.களில் ஏறத்தாழ எல்லாமே இதில் மாட்டின. ஆண்ட்ராய்டில் ஏறத்தாழ கால் பங்கு.

பீதியைக் கிளப்புவது என் நோக்கம் அல்ல. முகவரி https என்று தொடங்கும் தளங்களுக்கும், வாட்ஸ்அப் போன்றவற்றுக்கும் தனிப் பூட்டு உண்டு. வேன் ஒழுகினாலும் பெட்டி உடைவதில்லை. உங்கள் பேங்க் பாஸ்வேர்டை வரவேற்பறையில் இருப்பவன் இதனால் படித்துவிட முடியாது. ஆனால் எந்த பேங்க், எந்த சப்ளையர், எந்தச் செய்தித் தளம், எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்பது அவனுக்குத் தெரியும். ஒரு வியாபாரிக்கு இது போதாதா நஷ்டப்பட?

வேன்காரன் யார்?

2020 ஜூலையில் ஹாங்காங்கைச் சேர்ந்த யு.எஃப்.ஓ. வி.பி.என். உள்ளிட்ட ஏழு இலவச வி.பி.என்.களின் பதிவேடுகள் பாஸ்வேர்ட் இல்லாமல் இன்டர்நெட்டில் திறந்து கிடந்தன. 'நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை' என்பது அவர்களின் விளம்பரம். திறந்து கிடந்ததோ 1.2 டெராபைட் பதிவு! பதிவே இல்லாதவனிடமிருந்து பதிவு எப்படி வெளியே வந்தது?

ஓனாவோ கதை இதைவிட மோசம். இஸ்ரேலில் தொடங்கப்பட்ட ஓனாவோ கம்பெனியை 2013-ல் ஃபேஸ்புக் வாங்கியது. 'ஓனாவோ புரொடெக்ட்' என்ற இலவச வி.பி.என்., 'உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டே, மக்கள் போனில் எந்தெந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக்குக்குக் கணக்குக் கொடுத்தது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வாட்ஸ்அப்பின் வளர்ச்சியை எடை போட்டார்கள் என்பது 2018 டிசம்பரில் பிரிட்டன் பாராளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் தெரிந்தது. அதாவது, பூட்டு விற்கிறேன் என்று வந்தவன் வீட்டுக்குள் நின்று சாமான் கணக்கு எடுத்திருக்கிறான். 2023-ல் ஆஸ்திரேலிய கோர்ட் மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்த ஆப் இப்போது இல்லை. ஆனால் வியாபாரம் செய்கிறவர்களே, யோசியுங்கள். உலகம் முழுக்க கம்ப்யூட்டர் வைத்து, வாடகை கட்டி, உங்களிடம் ஒரு பைசாவும் வாங்காத கடைக்காரன் எதை விற்றுப் பிழைக்கிறான்?

"நம்மைப் பற்றி வாங்க யார் இருக்கிறார்கள் ஹஜ்ரத்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' ஆப் நம்மில் எத்தனை பேர் போனில் இருந்தது? அதைப் பயன்படுத்தியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகரிடம் போய், அங்கிருந்து அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்களுக்குப் போனதை 2020 நவம்பரில் மதர்போர்டு பத்திரிகை வெளியிட்டது. செய்தி வந்த பிறகுதான் அந்தத் தரகரோடு உறவை முறித்துக்கொள்வதாக ஆப்காரர்கள் அறிவித்தார்கள். அது வி.பி.என். அல்ல. ஆனால் அந்தப் பெரியவரின் கேள்விக்கு அதுதான் பதில்.

ஒழுகினால் சிலருக்கு வியாபார நஷ்டம். சிலருக்கு சிறை! காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இன்டர்நெட்டை முடக்கினார்கள். 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில், அரசு பட்டியலிட்ட தளங்களுக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். மக்கள் வி.பி.என். வழியே சமூக ஊடகங்களுக்குப் போனார்கள். அந்த பிப்ரவரியில் ஸ்ரீநகர் சைபர் போலீஸ் யு.ஏ.பி.ஏ. சட்டத்தின் கீழ் வழக்குப் பதிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பச்சை விளக்கை நம்பி உட்கார்ந்திருந்தவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நான் அதிகம் வருந்துவது வளைகுடாவுக்குப் போன நம் பிள்ளைகளை நினைத்துத்தான். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேச முடியவில்லை, உம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்ற ஏக்கத்தில்தான் அவர்கள் என்னிடம் வந்தார்கள். அந்நாட்டுச் சட்டத்தை நான் படிக்காமலேயே ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். வி.பி.என். வைத்திருப்பதே அங்கே குற்றம் என்பதல்ல. ஆனால் அதை வைத்து ஒரு குற்றம் செய்தால், அல்லது குற்றத்தை மறைத்தால், சிறையும் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும், அல்லது இரண்டில் ஒன்று என்று சட்டம் இருக்கிறது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற ஆப்கள் உள்ளன. காசு ஆனாலும் ஆகட்டும். சீனாவுக்குப் போகிறவர்களும் அந்த நாட்டுச் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நடந்துகொள்ளுங்கள். 'ஹஜ்ரத் சொன்னார்' என்பது எந்த நாட்டு போலீஸ் ஸ்டேஷனிலும் செல்லாது.

நம் நாட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, எண் ஆகியவற்றை ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு வி.பி.என். போன்றவை இங்கிருந்த கம்ப்யூட்டர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. எனவே இந்தியாவில் வி.பி.என். போட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள், யார் எதைப் பதிவு செய்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

சரி, என்ன செய்வது? வெளியூரில் ஹோட்டல், ஏர்போர்ட் வைஃபையில் லேப்டாப்பை இணைக்காதீர்கள். உங்கள் செல்போனின் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டாக்கி அதில் இணையுங்கள். பொய்ச் சீட்டு நீட்டுகிறவன் அந்த வழியில் எளிதாக நுழைய முடியாது. வி.பி.என். அவசியம் என்றால் காசு கொடுத்து வாங்குங்கள். வெளியாட்களை வைத்துத் தணிக்கை செய்து, அந்த அறிக்கையை வெளியிடும் கம்பெனியாகப் பாருங்கள். கணக்குத் தணிக்கை என்றால் என்னவென்று வணிகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு செட்டிங்கில் வி.பி.என். எப்போதும் இயங்கவும், அது இல்லாமல் எதுவும் போகாமலிருக்கவும் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. முழுப் பாதுகாப்பு இல்லை என்று சற்று முன்புதான் சொன்னேன், ஆனாலும் இரண்டையும் அழுத்தி வையுங்கள். அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். நான் சொன்ன ஓட்டைகளில் பலவற்றை அடைத்தது அப்டேட்டுகள்தான். அப்டேட் ஆன பிறகும், ஊர் மாறிய பிறகும் ஒருமுறை கசிவுச் சோதனை செய்யுங்கள். பச்சை விளக்கு என்பது ஆப் தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சி. அதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

மக்ரிபுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. நான் போட்டுக் கொடுத்த ஆப் யார் போனிலெல்லாம் இருக்கிறதோ, அவர்கள் தயவுசெய்து பின்வரிசைக்கு வாருங்கள். அந்தத் தம்பியும் அவன் நண்பர்கள் இருவரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் சோதித்துக் காட்டுவார்கள், பிறகு நீக்கித் தருவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்றிரவே நீங்கள் தகவல் அனுப்ப வேண்டும். அன்று யார் யாருக்குப் போட்டுக் கொடுத்தேன் என்று எனக்கு நினைவிருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முப்பத்தொரு பேர் வருகிறது. விடுபட்டவர்களின் பெயரை நீங்கள் சொல்லுங்கள்.